நனைகிறது என்பதற்காக டியூப் போட வேண்டாம்

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கியதும் நான் தேடுவது மூன்று விவரங்களை. சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குள் விடும் யூரின் டியூப் என்றைக்குப் போட்டார்கள், அதன் தடிமன் எந்த அளவு, அது கழன்று வராமல் உள்ளே பிடித்து நிற்கும் பலூனில் எத்தனை மில்லி தண்ணீர் விட்டார்கள். நோயின் பெயர், மருந்துகள், ஸ்கேன் முடிவு எல்லாம் விவரமாக இருக்கும். இந்த மூன்றும் பல சீட்டுகளில் இருக்காது. வீட்டில் கேட்டால் "போன மாசம் போட்டாங்க சிஸ்டர்" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் அது அதற்கும் முந்தின மாசமாக இருக்கும்.

அளவையும் பலூனையும் டியூப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெளியே தெரியும் முனையில் இரண்டு வாய்கள் இருக்கும். பெரியது சிறுநீர் சேரும் பைக்குப் போவது, சின்னது பலூனுக்குத் தண்ணீர் ஏற்றுவது. அந்த இடத்தில் அளவும் பலூனின் கொள்ளளவும் அச்சிட்டிருக்கும். சின்ன வாயின் நிறமும் அளவைச் சொல்லும்: வெள்ளை என்றால் 12, பச்சை 14, ஆரஞ்சு 16, சிவப்பு 18. தேதியை மட்டும் எங்கிருந்தும் எடுக்க முடியாது. அதனால் நான் டியூப் மாற்றும் வீடுகளில் பிளாஸ்டரில் தேதி எழுதிப் பையில் ஒட்டிவிடுவேன். அடுத்து மாற்ற வேண்டிய நாளை வீட்டு மாதக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். சாதாரண லேடெக்ஸ் (ரப்பர்) டியூப்பை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. முழுக்க சிலிக்கானால் ஆனது 12 வாரம் வரை தாங்கும், விலையும் கூடுதல்.

வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு ஒன்றியத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி நிவாரணம், நோய் ஆதரவு சிகிச்சை என்று எங்கள் வேலையைச் சொல்வார்கள். பக்கவாதம், தண்டுவடக் காயம், முற்றிய புற்றுநோய், வயதாகிப் படுத்துவிட்டவர்கள், இவர்கள்தான் என் நோயாளிகள். பெரும்பாலான வீடுகளில் பேச்சு கடைசியில் சிறுநீரில்தான் வந்து நிற்கும். ஒன்று டியூப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் டியூப் போடச் சொல்லிக் கேட்பார்கள்.

டியூப் போடச் சொல்லிக் கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்ட ஒரு பெரியவர் வீட்டில் மருமகள்தான் எல்லாம் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஆறு வேட்டி, நாலு போர்வை துவைக்கிறேன் சிஸ்டர். ஒரு டியூப்பைப் போட்டு விட்டீங்கன்னா நான் ராத்திரி ரெண்டு மணி நேரமாவது தூங்குவேன்" என்றாள். அவள் கை முழுக்க சோப்பு அரித்த வெடிப்பு. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு மூணு நாள் எனக்கு எழுதிக் கொடும்மா, அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றேன். பையனின் பழைய நோட்டில், மாமனார் எப்போது என்ன குடித்தார், எப்போது நனைத்தார் என்று நேரத்தோடு எழுதி வைக்கச் சொன்னேன்.

நோட்டைப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. காலையில் அவர் அதிகம் நனைப்பதில்லை. சாயங்காலம் தொடங்கி நடு இரவு வரை திரும்பத் திரும்ப நனைந்திருக்கிறது. கால் வீக்கத்துக்காகக் கொடுத்த, நீரைப் பிரித்து வெளியேற்றும் மாத்திரையை அவர்கள் மாலை காப்பியோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பேசியதும் அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. நனைவதற்கு முன்னால் அவர் உடம்பை அசைத்து அசைத்து முனகுவதாக மருமகளே எழுதியிருந்தாள். அவருக்கு முட்டுவது தெரிகிறது. சொல்லத்தான் வாய் இல்லை. கழிப்பறையோ கொல்லைக் கடைசியில்.

பிளாஸ்டிக் யூரின் கேன் ஒன்றை வாங்கி, வேலை செய்கிற இடது கை எட்டும் பக்கம் கட்டிலில் மாட்டினோம். கட்டில் சட்டத்தில் தட்ட ஒரு கரண்டி. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர் தட்டினாலும் தட்டாவிட்டாலும், "மாமா, ஒன்னுக்குப் போறீங்களா?" என்று கேட்டுக் கேனைப் பிடிக்கச் சொன்னேன். முதல் வாரம் பலன் சுமார்தான். அப்புறம் பகல் முழுக்கக் காய்ந்த வேட்டி, இரவில் ஒரு தடவை நனைந்தால் உண்டு என்கிற அளவுக்கு வந்தது. டியூப் போடவே இல்லை. இப்படிப்பட்ட நோயாளிக்குச் சிறுநீர்ப்பையில் கோளாறு கிடையாது. கழிப்பறைக்குப் போக முடியாததுதான் கோளாறு. அதற்கு டியூப் மருந்தாகாது.

டியூப்புக்கு நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஏழு வரை கூடுகிறது என்று படித்திருக்கிறோம். ஒரு மாதம் ஆகிவிட்டால் அநேகமாக எல்லாருக்கும் கிருமி இருக்கும். எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் அதைத் தள்ளிப்போடலாமே தவிர தடுக்க முடியாது. ஆகவே டியூப் இருக்க ஒரு நியாயமான காரணம் வேண்டும். நீர் அடைத்து, வேறு வழியில் வடிக்க முடியாதவர்களுக்கு வேண்டும். பிட்டத்தில் ஆழமான படுக்கைப் புண் இருந்து, சிறுநீர் பட்டுப் பட்டு ஆறாமல் கிடப்பவர்களுக்குக் கொஞ்ச காலம் வேண்டும். கடைசிக் கட்டத்தில், புரட்டினாலே வலியில் துடிப்பவர்களுக்கு, அவர்கள் நிம்மதிக்காகப் போடலாம். அவர்களுக்குப் போடும்போது எனக்குத் தயக்கமே வராது. நனைகிறது என்ற ஒன்றுக்காக மட்டும் போடக்கூடாது. ஏற்கெனவே போட்டிருக்கும் வீட்டிலும் ஒவ்வொரு தடவையும், இது இன்னும் தேவையா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். ஆபரேஷனுக்காகப் போட்ட டியூப்பை எடுக்க யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, அது இதைவிட ஆபத்தானது. "அப்பாவுக்குச் சொட்டுச் சொட்டாப் போய்க்கிட்டே இருக்கு, டயப்பர் போட்டு வச்சிருக்கோம்" என்று சொன்னால் உடனே அவர் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன். அங்கே உருண்டையாக, கெட்டியாக, அழுத்தினால் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு மேடு இருந்தால், அவருக்குச் சிறுநீர் அடக்க முடியாத நோய் இல்லை. சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களிடமும், பல வருடச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப் போனவர்களிடமும், கடுமையான மலச்சிக்கல் உள்ளவர்களிடமும் இதைப் பார்க்கலாம். சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும் சிறுநீர்ப்பையில் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி நிற்கும். டயப்பர் நனைவதால் நீர் பிரிகிறது என்று வீட்டார் நம்பிக்கொண்டிருப்பார்கள். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். இவருக்கு டியூப் அன்றைக்கே வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும். டயப்பர் வாங்குவதற்கு முன்னால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

சரி, டியூப் தேவை என்று ஆகிவிட்டது. இனி அது நன்றாக இருப்பதும் கெடுவதும் வீட்டில் பார்த்துக்கொள்பவர் கையில். மாதத்தில் சில தடவை வரும் நர்ஸால் அதைச் செய்ய முடியாது. அதனால் நான் செய்து காட்டுவதோடு நிற்காமல், மனைவியோ மகளோ என் எதிரில் ஒரு தடவை செய்து காட்டும்வரை உட்கார்ந்திருப்பேன்.

கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தொடும் முன்னும் தொட்ட பின்னும். தினம் ஒரு தடவை, மலம் போன பிறகு இன்னொரு தடவை, டியூப் நுழையும் இடத்தைச் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால், ஸ்பிரிட், பெட்டாடின் எதுவும் தினசரி தேவையில்லை. அவை தோலை அரித்துப் புண்ணாக்கும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவிவிட்டு, மறக்காமல் பழையபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இதை நான் இரண்டு தடவை அழுத்திச் சொல்வேன். தள்ளிய தோலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் வீங்கி இறுகிப்போய், ஆபரேஷன் தியேட்டர்வரை கொண்டுபோய் விட்டுவிடும். டியூப்பைத் துடைக்கும்போது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், வெளியிலிருந்து உள்பக்கமாகக் கூடாது.

டியூப்பைத் தொடையில் கொஞ்சம் தளர்வு விட்டு பிளாஸ்டரால் ஒட்ட வேண்டும். தொங்கவிட்டால் பையின் கனம் முழுவதும் சிறுநீர்த் துவாரத்தை இழுக்கும். நாளடைவில் அந்த இடம் கிழிந்தே போகும். ஒட்டும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மாற்றினால் தோல் கெடாது.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது. சொல்ல எளிது. நம் வீடுகளில் கயிற்றுக் கட்டில் தாழ்வாக இருக்கும், பாயில் படுத்திருப்பவர்களும் உண்டு. கட்டில் சட்டத்தில் மாட்டினாலும் பையின் அடி தரையைத் தொடும். அப்போது ஒரு சுத்தமான பிளாஸ்டிக் வாளியையோ டப்பையோ வைத்து அதற்குள் பையை இறக்கிவிடச் சொல்கிறேன். பாயில் படுத்தவருக்கு இதுவும் சரிவராது. ஒரு பலகைக் கட்டிலோ, பழைய பெஞ்சுகள் இரண்டை ஒட்டிப் போட்ட படுக்கையோ ஏற்பாடு செய்யச் சொல்லிக் கெஞ்சுவேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதுதான் அதிகம் கெடுகிறது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். பஸ் ஏறும்போது பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். பையில் பல மணி நேரம் கிடந்த சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்கே ஓடும். கிளம்பும் முன்னால் பையைக் காலி செய்யுங்கள், ஆட்டோவில் காலுக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதேபோல, பையும் டியூப்பும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் பிரிக்கக் கூடாது. குளிப்பாட்ட வசதியாக இருக்கிறது என்று தினமும் கழற்றி மாட்டினால் அந்த வாய் வழியே கிருமி நேராக உள்ளே போகும். இரண்டு லிட்டர் பை முக்கால்வாசி நிரம்பும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே அடித் திறப்பு வழியாகக் காலி செய்ய வேண்டும். அந்த முனை பாத்திரத்தில் படக்கூடாது. எவ்வளவு வந்தது என்று ஒரு பார்வை பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வந்தாக வேண்டும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. டயப்பர் செலவு, துணி துவைப்பது, அடுத்தவருக்குத் தொந்தரவு என்று நோயாளியே வாயைக் கட்டிக்கொள்கிறார். ஒரு பாட்டி என்னிடம், "எம் மக களத்து வேலைக்குப் போய்ட்டு வந்து எம் பீத்துணியும் அலசணுமா தாயி? ரெண்டு வாய் தண்ணி குறைச்சா அவளுக்கு ஒரு துணி குறையும்" என்றார். அந்தப் பாட்டியிடம் நான் வாதாடவில்லை. மகளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு நேராக, "நீ அலுத்துக்கிறியா?" என்று கேட்டேன். மகள் அழுதுகொண்டே இல்லை என்றதைப் பாட்டி பார்த்தார். அன்றைக்கு மோர் குடித்தார். சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் நாற்றமும் அதிகமாகும், சிறுநீர்ப்பை எரிச்சல்பட்டு இன்னும் அடிக்கடி முட்டும், டியூப் உள்ளவருக்கு அடைத்துக்கொள்ளும். இருதய, சிறுநீரக நோய்க்காக டாக்டர் அளவு குறிப்பிட்டிருந்தால் ஒழிய, நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போக வேண்டும். நீர்மோர், கஞ்சித் தண்ணீர், பார்லி எதுவானாலும் சரி. மாலை ஆறு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டால் இரவு தொல்லை குறையும்.

"பையில் வரலை, ஆனா பக்கத்துல ஒழுகுது" என்று அடிக்கடி போன் வரும். உடனே பெரிய டியூப் போடச் சொல்வார்கள். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, பை மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அடுத்த கேள்வி, கடைசியாக மலம் எப்போது போனார். மலம் இறுகி நின்றால் டியூப்பை நசுக்கும், சிறுநீர்ப்பையையும் கிளறிவிடும். சிறுநீர்ப்பை இறுகி இழுத்துக்கொள்ளும்போது டியூப்பைச் சுற்றி ஒழுகும். அளவைப் பெரிதாக்கினால் இழுப்பு கூடும், ஒழுகலும் கூடும். மலச்சிக்கலைச் சரிசெய்தே பாதி வீடுகளில் ஒழுகல் நிற்கிறது. இதெல்லாம் பார்த்தும் வரவில்லை, அடிவயிறு மேடு கட்டுகிறது என்றால் டியூப் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும். சிலருக்குச் சில கிருமிகள் சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்கி, சுண்ணாம்பு மாதிரி படிவத்தை டியூப்பின் உள்முனைத் துளையில் படிய வைக்கும். இவர்களுக்கு நாள் கணக்கைக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு வரிசை தெரியும். ஒருவருக்கு மூன்றாவது வாரம் அடைக்கிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே நான் போய் மாற்றிவிடுவேன்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இந்த அடைப்பு உயிர்ப் பிரச்சினை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல டிஸ்சார்ஜ் சீட்டுகளில் இது எழுதப்படுவதில்லை. பனை ஏறும்போது விழுந்த ஓர் இளைஞர் என் நோயாளி. நான்காவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் அடி. கைகள் நல்ல பலம், மார்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஒரு நாள் அவர் அம்மா போன் செய்து, "தம்பிக்குத் தலை வெடிக்குதாம், மூஞ்சியெல்லாம் சிவந்து வேர்வையாக் கொட்டுது, கால் மட்டும் சில்லுன்னு இருக்கு" என்றார். சிறுநீர்ப்பை நிறைந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் அதை உணர்ந்து ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், மூளையால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறும். ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். மூளையில் ரத்தக் கசிவு வரை போகும். இவர்களுடைய வழக்கமான அழுத்தமே 90, 100 என்றுதான் இருக்கும் என்பதால் 140 என்பது கூட இவர்களுக்கு அதிகம். புதிதாக வரும் ஒருவர் 140தானே என்று விட்டுவிடக்கூடும்.

போனிலேயே சொன்னேன்: தம்பியை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். இடுப்புத் துணியைத் தளர்த்துங்கள். டியூப்பைப் பையிலிருந்து உடம்புவரை விரலால் தடவிப் பாருங்கள். 108க்கு இன்னொருவரைப் போன் செய்யச் சொல்லுங்கள். டியூப், சக்கர நாற்காலியின் சட்டத்துக்கு இடையில் நசுங்கியிருந்தது. விடுவித்ததும் வெளியே இருந்த பை நிறைந்தது, தலைவலி அடங்கியது. ஆம்புலன்ஸ் வந்து அழுத்தம் பார்த்துக் கூட்டிப்போய், கவனித்து அனுப்பினார்கள். அப்போதும் நசுங்கல் இல்லாமல் அடைப்பாக இருந்தால் உடனே டியூப்பை மாற்ற வேண்டும். மலம் இறுகியிருந்தாலும், படுக்கைப் புண்ணோ கால் நகமோ சீழ் வைத்திருந்தாலும்கூட இதே மாதிரி வரும்.

அந்தத் தம்பிக்குக் கை நன்றாக இருந்ததால் நிரந்தர டியூப்பிலிருந்து வெளியே வர முடிந்தது. தேவைப்படும்போது மெல்லிய டியூப்பைத் தானே நுழைத்து, வடித்துவிட்டு எடுத்துவிடுவது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடெஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1972இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமிநீக்கம் தேவையில்லை, சுத்தமான கை போதும், சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம் என்று அவர் சொன்னது அன்றைக்குப் புரட்சியாக இருந்தது. நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடாமல் வடிக்க வேண்டும். யூராலஜி டாக்டரின் சம்மதத்தோடு, ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் பழக்கப்படுத்தியது நான். முதலில் கூச்சம், அப்புறம் பயம், அப்புறம் அலுப்பு. இப்போது இடுப்புப் பையில் டியூப்போடு ஊர்த் திருவிழாவுக்குப் போய் வருகிறார். கை வேலை செய்கிற எந்தத் தண்டுவட நோயாளிக்கும் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் வருடக்கணக்கில் நிரந்தர டியூப்போடு விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது இன்னொரு பழக்கம். முன்னால் சொன்னேனே, மாதக்கணக்கில் டியூப் இருப்பவர்களுக்குக் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, விலாவில் வலி, வயதானவருக்குத் திடீரென்று தோன்றும் குழப்பமான பேச்சு, இவை வந்தால்தான் அது தொற்று. அப்போது பழைய டியூப்பை மாற்றிவிட்டுப் புது டியூப்பிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டும். பையிலிருந்து எடுத்த சிறுநீரைச் சோதித்தால் பையில் வளர்ந்த கிருமியைத்தான் காட்டும். காரணமில்லாமல் மருந்து கொடுத்துக் கொடுத்து, கடைசியில் நிஜமான தொற்று வரும்போது எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமியோடு நிற்கிற நோயாளிகளைப் பார்ப்பது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

பை ஊதா நிறமானதைப் பார்த்து யாரோ செய்வினை வைத்துவிட்டதாக ஒரு வீட்டில் அழுதார்கள். மலச்சிக்கல் உள்ள வயதான பெண்களிடம் இது வரும். உணவில் உள்ள ஒரு சத்தைக் குடல் கிருமிகள் உடைக்க, அது சிறுநீருக்கு வந்து, அங்குள்ள கிருமிகளால் நீலமும் சிவப்புமான சாயமாக மாறிப் பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. காய்ச்சல் இல்லாவிட்டால் பயமில்லை. டியூப்பையும் பையையும் மாற்றினேன், மலம் போக மருந்துக்கு ஏற்பாடு செய்தேன். அடுத்த பை நிறம் மாறவில்லை.

நடமாடிக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும் வீட்டில், கிளம்பும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு கேக்கணும் சிஸ்டர்" என்பார்கள். இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கசிகிறது. கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள், பஸ் பயணத்துக்கு முந்தின நாளே தண்ணீரை நிறுத்துபவர்கள், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று இருபது வருடம் துணி வைத்துக்கொண்டவர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் அதே தசையை, வயிற்றையும் தொடையையும் இறுக்காமல், மூச்சைப் பிடிக்காமல், மேலே இழுத்துப் பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது. 1948இல் அர்னால்ட் கீகல் என்ற மருத்துவர் பரவலாக்கிய பயிற்சி இது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைத் தினசரி பயிற்சியாகச் செய்ய வேண்டாம். செய்தும் குறையவில்லை என்றால், அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தால், டாக்டரிடம் போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகோ, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த பிறகோ இரவு பகல் இடைவிடாமல் ஒழுகினால் அது வேறு, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். பயிற்சி உதவாது, பரிசோதனை வேண்டும்.

தோல் விஷயத்தில் நம் வீடுகளில் அன்பு மிகுதியாகி அதிகமாகச் செய்துவிடுகிறோம். நன்றாகத் தேய்த்து, டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவி, பவுடரை அள்ளிக் கொட்டுவார்கள். பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு இடுக்குகளை அறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாகம் கலந்த களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். அள்ளிப் பூசினால் டயப்பர் உறிஞ்சாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை டயப்பரைத் தொட்டுப் பாருங்கள், மலம் போயிருந்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். டயப்பர் வாங்க முடியாதவர்கள் பழைய பருத்தி வேட்டி, புடவைத் துணியை மடித்து வைத்து, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பகலில் கொஞ்ச நேரம் எதையும் கட்டாமல் அடியில் துணி விரித்துக் காற்றாட விடுங்கள், கதவையோ திரையையோ சாத்திவிட்டு. ஈரத்தால் வரும் சிவப்பு, மடிப்புகளிலும் தொடையிடுக்கிலும் பரவலாக இருக்கும். எலும்பு முட்டுகிற இடத்தில் வட்டமாகச் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். களிம்பால் அது போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தால்தான் நிற்கும்.

ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் டியூப் நல்ல மாற்று. அளவு சரியாக இருக்க வேண்டும், முனையில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட வேண்டும், தினமும் கழற்றிக் கழுவி, தோலைப் பார்த்து, புதிது மாட்ட வேண்டும். கழன்றுவிடுகிறது என்று சுற்றிலும் பிளாஸ்டரையோ ரப்பர் பேண்டையோ நூலையோ இறுக்கிக் கட்டக் கூடவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகிவிடும்.

புத்தி தடுமாறிய பெரியவர்கள் டியூப்பைப் பிடுங்குவார்கள். கையைக் கட்டிப் போட வேண்டாம், கட்டினால் மிரட்சி கூடும். டியூப்பைத் தொடையில் ஒட்டி, லுங்கிக்கு உள்ளேயே கால் வழியாகக் கீழே இறக்கினால் கண்ணில் படாது. கையில் வேறு ஏதாவது, ஒரு துண்டோ ஜபமாலையோ கொடுங்கள். பலூனோடு பிடுங்கி ரத்தம் வந்தால் புதிதாக எதையும் நுழைக்க முயலாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

டியூப்பை எடுக்கும் நாளை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சிரிஞ்சை வைத்துப் பலூன் தண்ணீர் தானாக வரவிட வேண்டும், ஏற்றிய அளவு வந்ததா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் இழுக்கவும் கூடாது, டியூப்பை வெட்டவும் கூடாது. எடுத்த பிறகு முதல் தடவை எரியும், அவசரமாக முட்டும், ஓரிரு நாளில் அடங்கும். வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, எப்போது, எவ்வளவு போனார் என்று குறிக்கச் சொல்வேன். ஆறு மணி நேரத்தில் போகவில்லை, அல்லது சொட்டாகவே போய் அடிவயிறு மேடாகிறது என்றால் அன்றைக்கே திரும்பப் போட வேண்டியிருக்கும். இரவு பதினொரு மணிக்கு அந்த நிலைமை வந்தால் ஊரில் வண்டியும் கிடைக்காது, நானும் இருக்க மாட்டேன். அதனால் எந்த வீட்டிலும் நான் டியூப்பைக் காலையில்தான் எடுப்பேன்.